கைமாற்று

சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம்தான் ஆகும்? அடுப்பில் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அவள் அதைத்தான் நினைத்தாள். குளிர் தொடங்கிய நாளிலிருந்து காலை வேளையில் இதே கூத்து. பட்டறையில் முதல் சங்கு ஊதியிருக்கும். பாப்பா பையை மாட்டிக்கொண்டு வாசல்படியில் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருப்பாள். இவர் மட்டும் உள்ளறையில் சுவரைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

"என்னங்க, பொண்ணு பார்க்கவா போறீங்க? இரும்புத்தூளைத் தின்னுட்டு வர்ற சட்டைக்கு இவ்வளவு சிங்காரமா?"

"வரேன்டி. சும்மா தொணதொணங்காதே."

வெளியே வரும்போது மேல் பொத்தான் ஒன்றும் அடிப்பொத்தான் ஒன்றும் போட்டிருப்பார். நடுவில் இருக்கிற இடைவெளியை ஸ்வெட்டர் மூடிவிடும். இரண்டு கையும் பாக்கெட்டுக்குள். ரொட்டியைக்கூட பாப்பாவை ஊட்டிவிடச் சொல்வார். அப்பன் மகளிடம் கொஞ்சுகிறார் என்று அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள்.

ஆற்றங்கரையில் இருந்த வார்ப்படப் பட்டறையில்தான் இரண்டு பேருக்கும் வேலை. தண்ணீர் மோட்டாருக்கு மேல்கூடு செய்கிற இடம். உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்து எடுத்தால், கூட்டின் விளிம்பு முழுக்க பல்லும் பிசிறுமாக இருக்கும். கையில் பிடிக்கிற கிரைண்டிங் மெஷினால் அந்தப் பிசிறை வழித்து எடுப்பது அவர் வேலை. அவர் வழித்த இடத்தில் முகம் தெரியும் என்று பட்டறையில் சொல்வார்கள். அதனால் பெயரே கண்ணாடி என்றாகிவிட்டது. பெரியவர்களுக்குக் கண்ணாடி, சின்னவர்களுக்குக் கண்ணாடி அண்ணன். அவள் அடுத்த கொட்டகையில் கூடுகளைத் துடைத்து, எண்ணெய் பூசி, பெட்டியில் அடுக்குகிற பெண்களோடு இருந்தாள். அங்கே அவளுக்குப் பெயர் கண்ணாடி வீட்டம்மா.

காற்றழுத்தத்தில் ஓடுகிற மெஷின் அது. கல் சுற்றும்போது அடியிலிருந்து பீறிடுகிற காற்று, பனிக்கட்டியைத் தடவிக்கொண்டு வந்த மாதிரி விரலில் அடிக்கும். மேலே குளிர், உள்ளே உதறல். கல் தேய்ந்து கோணலாகிவிட்டால் உதறல் தோள்வரை ஏறும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கேட்டிருக்கிறாள், "நாள் முழுக்க அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, கை வலிக்காதா?" என்று. "பழகிட்டா அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்கு நிப்பேன். புருஷன் பெண்டாட்டி மாதிரி" என்று சிரித்தார்.

இந்த வருஷம் சிரிப்பு குறைந்துவிட்டது. டீக்கடையில் இரண்டு தரம் டம்ளரை நழுவவிட்டார். துடைக்கிற கொட்டகையில் வெங்கலம் என்று ஒருத்தி. வாயைத் திறந்தால் வெண்கலப் பாத்திரம் உருண்ட மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். "காலையிலேயே கை நடுங்குதுன்னா வேற என்ன? ராத்திரி போட்டது இறங்கலை" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. கண்ணாடி வீட்டம்மா அன்று அவளோடு சண்டை போட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் தெரியாமல் அவர் வாயை முகர்ந்து பார்த்தாள். பீடி நாற்றம் தவிர ஒன்றுமில்லை.

விஷயம் பெரிய சாலையில்தான் வெளியே வந்தது.

பள்ளிக்கூடமும் பட்டறையும் சாலைக்கு அந்தப் பக்கம். அன்று பனி முழங்காலுக்குக் கீழே பால் ஊற்றின மாதிரி கிடந்தது. அவர் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். இவள் சாப்பாட்டுப் பையோடு பின்னால். நடுச்சாலையில் பாப்பாவின் கம்பளித் தொப்பி கழன்று விழுந்தது. குழந்தைதானே, கையை உருவிக்கொண்டு குனிந்துவிட்டது. அவர் நிற்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. நேராக நடந்துபோனார்.

லாரிக்காரன் பிரேக்கைப் போட்ட சத்தத்தில் காகங்கள் எழுந்து பறந்தன. அவள் பையை எறிந்துவிட்டு ஓடிப் பிள்ளையை வாரி எடுத்தாள். லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி அவள் பரம்பரையையே திட்டினான். அது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. சாலையின் அந்தப் பக்க ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். எதற்குக் கத்துகிறாள் என்று புரியாமல் இவளையே பார்த்தார். இடது கை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, பாப்பாவின் உயரத்தில், இன்னும் மூடியே இருந்தது.

"பாப்பா எங்கேங்க?" என்று கதறினாள்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். உள்ளே பிள்ளை இருக்கிற நினைப்பில்தான் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குள் விட்டுவிட்டு, மதில் ஓரமாக அவரை இழுத்து நிறுத்தினாள். பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுக்க மாட்டேன் என்றார். இவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து எடுத்தாள். நான்கு விரலும் மெழுகுவத்தி போல வெளுத்திருந்தன. நடுக்கணு வரை வெள்ளை. அதற்குக் கீழே கோடு கிழித்த மாதிரி சாதாரண நிறம். பிணத்தின் விரல்களை உயிருள்ள கையில் ஒட்டவைத்தது போலிருந்தது.

"கண்ணை மூடுங்க. எந்த விரலைக் கிள்ளுறேன், சொல்லுங்க."

"எதுக்கு இதெல்லாம்? நேரமாச்சு."

"மூடுங்கன்னா மூடுங்க."

நகம் பதிகிற மாதிரி சுண்டுவிரலைக் கிள்ளினாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நடுவிரல்" என்றார். பரீட்சையில் விடை தெரியாத பையனைப் போல அவள் முகத்தையே பார்த்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. விரலை விடாமலே கேட்டாள். "எத்தனை நாளா?"

"போன குளிருக்கு நுனி மட்டும். இந்தக் குளிருக்கு இவ்வளவு தூரம் ஏறிடுச்சு. வெயில் வந்தா சரியாகிடும்."

"சரியாகிடுமா?"

"நிறம் சரியாகிடும்," என்றார்.

அன்றைக்கே அரை நாள் லீவு சொல்லி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா வயதில் சின்னவள், ஆனால் பொறுமைசாலி. ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்த தண்ணீரில் கையை வைக்கச் சொல்லி நிறம் மாறுவதைப் பார்த்தாள். என்ன வேலை, எந்த மெஷின், நாளில் எவ்வளவு நேரம் என்று கேட்டாள்.

"இது அந்த மெஷின் கொடுத்ததுதான். உதறல் உள்ளே போய்ப் போய் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுப்போச்சு. இன்னைக்கே மெஷினை விட்டீங்கன்னா பெரும்பாலும் இதோட நிக்கும். விடலைன்னா உள்ளங்கைக்கு இறங்கும். பீடியையும் விட்டுடுங்க. கையைச் சூடா வெச்சுக்கங்க."

"போனது திரும்ப வருமா டாக்டரம்மா?" என்று கேட்டாள் அவள்.

டாக்டரம்மா அவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "பொய் சொல்ல மாட்டேன். உணர்ச்சி முழுசா திரும்பறது கஷ்டம். இருக்கிறதைக் காப்பாத்திக்கங்க. அங்கே இன்னும் யாரெல்லாம் அதைப் பிடிக்கறாங்க? அவங்க கையையும் பார்க்கணும். ஒரே ஆளை நாள் முழுக்க விடக்கூடாதுன்னு உங்க போர்மேன்கிட்ட சொல்லுங்க."

வெளியே வந்ததும் அவர் முதலில் சொன்ன வார்த்தை, "போர்மேன்கிட்ட மூச்சு விடக்கூடாது."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"ஒட்டடையை மறந்துட்டியா?"

மறக்கவில்லை. ஒட்டடைக்குச்சி போல நெட்டையாக ஒருவன், இவருக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன். விரல் மரத்துப்போகிறது என்று வாய்விட்டுச் சொன்னான். பாவம் பார்த்து வாசல் கேட்டில் காவலுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் கேட்டுக்கு ஆள் அதிகம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு மணி கேட்கிறான்.

"அப்போ வேற வேலை பார்க்கலாமே."

"எந்தக் கையை வெச்சுப் பார்க்கிறது?" நடப்பதை நிறுத்திவிட்டார். "ஒரு ஆணியைப் பொறுக்க முடியலைடி. சாவியைத் துவாரத்துல விட முடியலை. மெஷினைப் பிடிச்சாத்தான் எனக்குக் கைன்னு ஒண்ணு இருக்கிறதே தெரியுது. அந்த உதறலாவது தெரியுது. வேற எதைப் பிடிச்சாலும் ஒண்ணுமே இல்லை. காத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கு."

அவர் சொன்னது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மூடின கையோடு சாலைக்கு அந்தப் பக்கம் நின்ற அந்த மனுஷன் கண்ணை விட்டுப் போகவில்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் சாப்பாட்டு வேளையில் போர்மேன் அறைக்குப் போனாள்.

போர்மேன் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்த ஆள், கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை முட்டையை வாயில் வைக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னா நினைக்கறே?" என்றார்.

"தெரியுமா அண்ணே?"

"டீ டம்ளரை ரெண்டு கையாலயும் குழந்தை பிடிக்கிற மாதிரி பிடிக்கிறான். பார்க்கிறவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்கிட்டே விட்டீங்களே! உங்க கூடப்பிறந்தவனா இருந்தா விடுவீங்களா?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "சுவத்தைப் பாரு," என்றார். கதவுக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தது. ஒரு சங்குக்கும் அடுத்த சங்குக்கும் நடுவே உள்ள நேரத்துக்கு மேல் யாரும் கிரைண்டிங் மெஷினைத் தொடர்ந்து பிடிக்கக்கூடாது, ஆளை மாற்ற வேண்டும், தேய்ந்த கல்லை உடனே மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. "மேலிடத்துல இருந்து வந்து மாட்டிட்டு டீ குடிச்சிட்டுப் போனாங்க. ஆளை மாத்துன்னு சொன்னவங்க ஆளைக் கொடுத்துட்டுப் போகலையே! இருக்கிறது மூணு பேர். கண்ணாடியை இறக்கினா அவன் பங்கும் மத்த ரெண்டு பேர் தலையில விழும். அடுத்த குளிருக்கு அவங்க பொண்டாட்டிங்க இதே இடத்துல வந்து நிப்பாங்க. அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"எங்க கொட்டகையில ஆள் இல்லையா? அத்தனை பேர் இருக்கோமே."

"கேட்காமலா? போன மாசமே கேட்டேன். ஆளுக்கு ஒரு சங்கு நேரம் பிடிச்சா போதும், யாருக்கும் ஒண்ணும் ஆகாது, கத்துக்கொடுக்கிறேன்னு கெஞ்சினேன். வெங்கலம் விளக்குமாத்தைத் தூக்கிட்டு வந்தா. பொம்பளை கையில இரும்பு உரசச் சொல்றியான்னு."

அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நான் பிடிக்கிறேன்," என்றாள்.

"உன் புருஷன் என்னை உரிச்சு எடுத்துடுவான்."

"அவரை மணலுக்கு மாத்துங்க. காரணம் சொல்லாதீங்க. அவர் இடத்துல நான் நிக்கிறேன்."

"முழு நாளும் நீ நின்னா நீயும் அதே கதிதான்மா. காலையில ஒரு சங்கு, மதியம் ஒரு சங்கு நில்லு. அந்த நேரம் அவன் மணல் சலிக்கட்டும். மீதியை அவன்தான் பார்க்கணும். பாதியாவது குறையும். இன்னும் ரெண்டு பேர் வந்தா அவனை மொத்தமா இறக்கிடலாம்."

மெஷினை முதலில் பிடித்தபோது, உயிரோடு பிடித்த பன்றிக்குட்டி திமிறுகிற மாதிரி இருந்தது. பல் கிடுகிடுத்தது. பாதுகாப்புக் கண்ணாடிக்குள் கண்ணே அதிர்ந்து, கூட்டின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. பக்கத்து மெஷின்காரன் காதருகே வந்து கத்தினான்: "கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்காதீங்க வீட்டம்மா! லேசா பிடிங்க, அதோட கனமே வேலை செய்யும்!" அவளுக்கு லேசாகப் பிடிக்கத் தெரியவில்லை. விட்டால் காலில் விழுந்துவிடுமோ என்று பயம்.

துடைக்கிற கொட்டகையிலிருந்து வெங்கலம் எட்டிப் பார்த்தாள். "அடியம்மா! புருஷன் மணல்ல விளையாடப் போயிட்டான், பெண்டாட்டி இரும்பு வழிக்க வந்துட்டா! நல்ல குடும்பம்!"

மூன்றாம் நாள் அவர் மணல் கொட்டகையிலிருந்து எதற்கோ இந்தப் பக்கம் வந்தவர், தன் மெஷினில் நிற்பது யார் என்று பார்த்துவிட்டார். வந்து காற்றுக் குழாயின் திருகைத் திருப்பி அடைத்தார். சத்தம் அடங்கியது. அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார்.

வார்த்தையெல்லாம் சாயங்காலம் வீட்டில் வந்தது. பாப்பா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"யாரைக் கேட்டுப் பிடிச்சே?"

"யாரைக் கேட்டு நீங்க மறைச்சீங்க?"

"என் கையைத் தின்னது போதாதா? உன் கையையும் அதுக்கு ஊட்டிவிடணுமா?"

"உங்களை ஒருத்தரையே முழுசா தின்னுக்கிட்டு இருக்கே, அதான் ஊட்டுறேன். ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தா யாரும் சாக மாட்டோம். போர்மேனும் அதைத்தான் சொன்னார், டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னா."

"ஆளுக்கு ஒரு வாயா? யாரு வந்தா? உன்னைத் தவிர எவ வந்தா சொல்லு!"

அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தாள். கத்தி பலகையில் தட்டுத் தடுமாறியது. முழங்கைக்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு நமைச்சல், மதியத்திலிருந்து அடங்கவில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"பாரு. மூணே நாள்ல. பாரு அந்தக் கையை."

"தூங்கி எழுந்தா போயிடுது."

"எனக்கும் முதல் வருஷம் தூங்கி எழுந்தா போச்சு." இரண்டு கையையும் கூப்பினார். "உனக்கு ஒரு கும்பிடு போடுறேன். பாப்பாவுக்குத் தலைவாரிவிடவாவது இந்த வீட்ல ஒரு கை வேணாமா? என் கை போனது போகட்டும். அது செலவாகிப்போன கை. செலவாகாத கையை ஏன்டி அதுல கொண்டுபோய் வைக்கறே?"

"செலவாகிப்போன கைன்னு யார் சொன்னது? இன்னும் மிச்சம் இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாளே."

"மிச்சம்!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்குப் பதில் அவர் நாலு அடி அடித்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஆனால் வேறொன்று நடக்கத் தொடங்கியது. காலையில் அவள் எழும்போது அவர் இருக்க மாட்டார். பொத்தான் போடாத சட்டையோடு கிளம்பிப் போயிருப்பார். பாப்பாவை விட்டுவிட்டு அவள் பட்டறைக்குப் போனால், அவளுக்கென்று ஒதுக்கின குவியலில் முக்கால்வாசி கூடுகள் பிசிறு வழித்துத் தயாராக இருக்கும். முதல் நாள் மற்ற மெஷின்காரர்கள் உதவினார்கள் என்று நினைத்தாள். இரண்டாம் நாள் ஒரு கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வழித்த இடத்தில் அவள் முகம் தெரிந்தது.

அவளுக்குக் குறைய வேண்டும் என்று அவர் விடியலிலேயே வந்து பிடிக்கிறார். மூடின குழாயைத் திறந்து, அவள் பங்கையும் சேர்த்து. அப்படியென்றால் இத்தனை நாளும் அவள் குறைத்தது என்ன? அவர் கையில் ஏறுவது கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கூடுகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லது செய்யப் போய்க் குழியை இன்னும் ஆழமாக வெட்டிவிட்டோமே என்று நினைத்தாள்.

மறுநாள் பாப்பாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, வெளிச்சம் சரியாக வருமுன்னே ஓடினாள். கேட்காரர் முனகிக்கொண்டே விட்டார். கொட்டகையில் ஒரு விளக்கு எரிந்தது. அவர் குனிந்து நின்று அவள் குவியலை வழித்துக்கொண்டிருந்தார். பொறி சீராகப் பறந்தது. பக்கத்தில் போன பிறகுதான் கவனித்தாள். கூட்டின் விளிம்பு சிவப்பாக இருந்தது. இடது கையுறையின் ஓரம் கிழிந்து தொங்கியது. சுண்டுவிரல் பக்கத்தைக் கல் உரசிக்கொண்டு போயிருக்கிறது. எப்போது உரசியதோ, அவர் பாட்டுக்கு அடுத்த விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தார்.

ஓடிப்போய்த் திருகை அடைத்தாள்.

"ஏன் நிறுத்தினே?" என்றார். "இன்னும் ரெண்டுதான் பாக்கி."

அவள் அவருடைய கையைத்தான் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், அடுத்தவர் கையைப் பார்க்கிற மாதிரி.

தண்ணீர்க் குழாயடிக்கு அவரை இழுத்துப்போனாள். அதற்குள் காலை ஷிப்ட் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். துடைக்கிற பெண்கள் கும்பலாக வந்து குழாயடியில் நின்றுவிட்டார்கள். முன்னால் வெங்கலம். கையுறையை உருவியதும் எல்லாரும் பார்த்தார்கள். நான்கு விரலும் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தன. சுண்டுவிரலில் சதை பிளந்திருந்தது. ரத்தம்கூட அந்த விரலுக்குள் வரப் பயந்தது போல, தயங்கித் தயங்கிக் கசிந்தது.

கையைப் பாக்கெட்டுக்குள் விடப் போனார், பழக்கம். அவள் விடவில்லை.

"எல்லாரும் பாருங்க," என்றாள். "குடிகாரக் கைன்னு சொன்னீங்களே, அந்தக் கை இதுதான். சதை கிழிஞ்சது அவருக்குத் தெரியலை. பெத்த பிள்ளை கையிலிருந்து நழுவினதுகூடத் தெரியலை."

வெங்கலம் ஏதோ சொல்ல வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவரோ தலையைத் தொங்கப்போட்டு நின்றார். திருடிப் பிடிபட்டவன்கூட அப்படி நிற்க மாட்டான்.

போர்மேன் வந்து பார்த்தார். மப்ளரை உருவிக் கையில் சுற்றிக் கட்டினார். கேட்காரரைத் துணைக்கு அனுப்பி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகச் சொன்னார்.

"நானும் போறேன் அண்ணே."

"லாரி நிக்குதும்மா. இன்னைக்கு இந்தக் குவியல் போகலைன்னா மொத்தப் பட்டறைக்கும் பதில் சொல்லணும். மத்த ரெண்டு மெஷினும் ஓடினாலும் பத்தாது. ஒரு சங்கு நேரம் பிடிச்சுக் கொடுத்துட்டுப் போ."

"இவருக்கு?"

"இனிமே மெஷின் கிடையாது. என் கண்ணு முன்னாடி தொட விடமாட்டேன்."

"மணல்ல?"

போர்மேன் அவளைப் பார்க்காமல், "கை ஆறி வரட்டும். பார்ப்போம்," என்றார்.

அந்தப் பார்ப்போமுக்கு என்ன அர்த்தம் என்று ஒட்டடை வீட்டு வாசலில் போய்க் கேட்டால் சொல்வான்.

அவர் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே மெஷினை எடுத்தாள். பிடியில் ரத்தம் இருந்தது, சேலையில் துடைத்தாள். திருகைத் திறந்தாள். உதறல் ஏறியது. கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கி, விளிம்பு தெரியவில்லை. துடைக்கக் கை இல்லை. பழகின ஊகத்தில் வழித்தாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. சங்கு ஊதியது. அவளுக்குக் கேட்டது, ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தினால் யார் வரப் போகிறார்கள்?

தோளில் ஒரு கை விழுந்தது. யாரோ திருகை அடைத்தார்கள். திரும்பினால் வெங்கலம். கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருந்தாள். கையுறை ஒன்று ஆண்பிள்ளை அளவு, ஒன்று குழந்தை அளவு.

"சங்கு ஊதியாச்சு. கீழே வை."

"இன்னும் இருக்குக்கா…"

"எனக்கும் கண்ணு இருக்கு. வைடி."

வைக்கத்தான் நினைத்தாள். விரல்கள் திறக்கவில்லை. பிடியைச் சுற்றி இறுகி, மரத்தின் வேர் போல நின்றுவிட்டன. வெங்கலம் தன் கையுறையைக் கழற்றிவிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடைசி விரலைப் பிரிக்கும்போது, "அவரை அன்னைக்கு அப்படிச் சொன்ன வாயில புண்ணு வர," என்று மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "எனக்கு அப்புறம் பெட்டி கட்டுறவ வர்றா. அவளுக்கு அப்புறம் இன்னொருத்தி. சண்டை போட்டு வரிசை போட்டாச்சு. நீ ஓடு. ஆஸ்பத்திரிக்கு ஓடு."

ஓடினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கேட்காரர் டீ வாங்கப் போயிருந்தார். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் சேர்த்துக் கட்டியிருந்தது.

"தையல் போட்டாங்க," என்றார். "மரத்துப்போக ஊசி போடணும்னாங்க. எனக்கு எதுக்குங்க, மிச்சப்படுத்தி வேற யாருக்காவது போடுங்கன்னேன். சிரிச்சாங்க. ஆனா போட்டாங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"மெஷினை விட்டுட்டா வந்தே? லாரி நிக்குமே. யார் பிடிக்கிறா?"

"வெங்கலக்கா."

"வெங்கலமா?" நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு வாய் கோணிச் சிரித்தார். "கல்லு பயந்து ஓடிடும்."

"அவளுக்கு அப்புறம் பெட்டி கட்டுறவ. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் மத்தியானம் நான். வரிசை போட்டுட்டாங்க. சங்குக்குச் சங்கு ஆள் மாறும்."

தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். மனதுக்குள் அந்த வரிசையை ஓட்டிப் பார்ப்பது போலிருந்தது. கடைசிவரை போய் நின்ற இடத்தில் முகம் மாறியது.

"அப்போ என் முறை எப்போ?"

அவள் எதிர்ச் சுவரைப் பார்த்தாள். ஏதாவது பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். எதுவும் கிடைக்கவில்லை.

"உங்க முறை முடிஞ்சுதுங்க," என்றாள்.

வராந்தாவில் ஒருத்தி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். காலைத் தூக்கச் சொன்னாள். இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டு, அவள் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் தரையிலிருந்து குளிர் ஏறியது. அவளுடைய இரண்டு கையும் மடியில் கிடந்து நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றால் ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள், இரண்டும் சேர்ந்து ஆடின.

அவர் அதைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையால் முடியவில்லை, மற்ற கையால் தடவித் தடவி அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தார். இரண்டு கையையும் இழுத்துத் தன் ஸ்வெட்டருக்குள் விட்டு, அக்குளில் இறுக்கிக்கொண்டார். அங்கே கதகதப்பாக இருந்தது. விலா எலும்புக்கு மேலே அவள் விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன.

காதுகொடுத்துக் கேட்கிறவர் போலத் தலையைச் சாய்த்தார்.

"மெஷின் இன்னும் ஓடிக்கிட்டே இருக்குடி," என்றார்.